பிள்ளை ஏன் வரவில்லை?

பள்ளி வருகைப் பதிவேடு பார்ப்பவரின் வேலை, வராத பிள்ளைக்குக் குறி போடுவதோடு முடிந்துவிடுமா?

1920-ஆம் வருஷச் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம், கட்டாயக் கல்வி அமலான இடங்களில், பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிக்க வழி செய்தது. அபராதத்தால் ஏழை வீட்டில் அடுப்பு எரியுமா? 1956-ல் பகல் உணவு வந்தது. பள்ளிகளில் பிள்ளைகள் பெருகினார்கள். பாடம் இதுதான்!

2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் வருகையைக் கண்காணிக்கும் பொறுப்பை அரசின்மீதே வைத்தது. தூத்துக்குடி உப்பளத்தில் மழை விழுந்தால் வேலை இல்லை, கூலி இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை வராவிட்டால், வாசலுக்கே போய்க் காரணம் கேட்டு மேலே எழுத வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் வேண்டும்.

தோழர்களே! நாம் கேட்பது இரண்டு: பள்ளிக்குப் போதிய ஊழியர், உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலம் முழுவதும் வாழப் போதிய நிவாரணம்.