வாக்களித்தது நவம்பரில், விதி மாறியது ஏப்ரலில்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2024 நவம்பர் 5 அன்று நடந்த ஒரு தேர்தலின் முடிவு 2025 மே மாதத்தில்தான் உறுதியானது. அந்த மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சிப் பெயரும் இருக்கும். பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சியின் ஆலிசன் ரிக்ஸும், மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியான குடியரசுக் கட்சியின் ஜெபர்சன் கிரிஃபினும் போட்டியிட்டார்கள். 55 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பதிவாயின. ரிக்ஸ் 734 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டு முறை மறு எண்ணிக்கை நடந்தும் அவரது வெற்றி மாறவில்லை. ஆனாலும் அடுத்த ஆறு மாதங்கள் அந்த இடத்தின் முடிவு நீதிமன்றங்களில் சிக்கிக் கிடந்தது.

சிக்கலுக்குக் காரணம் கிரிஃபின் தாக்கல் செய்த ஆட்சேபங்கள். 65,000-க்கும் மேற்பட்ட வாக்குகளைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்றார் அவர். இவற்றில் சுமார் 60,000 வாக்குகளுக்குச் சொல்லப்பட்ட குறை, வாக்காளர் பதிவேட்டில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களோ காணப்படவில்லை என்பது. ரிக்ஸின் பெற்றோரின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இந்தப் பெரிய பகுதியை மாநில உச்ச நீதிமன்றமே பின்னர் ஏற்க மறுத்துவிட்டது. கடைசிவரை வழக்கில் நின்றவை ராணுவப் பணியில் இருப்பவர்களும் வெளிநாட்டில் வசிப்பவர்களும் அனுப்பிய சில ஆயிரம் வாக்குகள்.

அந்த வாக்குகள் செல்லும் என்பதே நமது நிலைப்பாடு. முடிவு யாருக்குச் சாதகமாக அமைந்தது என்பதைப் பொறுத்து நாம் இதைச் சொல்லவில்லை. வாக்களித்த நாளில் நடைமுறையில் இருந்த விதிப்படி ஒருவர் வாக்களித்திருந்தால், விதியை மாற்றி எழுதும் அதிகாரம் அதன் பிறகு எந்த நீதிமன்றத்துக்கும் இருக்கக் கூடாது.

விதி என்ன என்பதில் குழப்பம் இருந்ததா? இல்லை. வெளிநாட்டு வாக்காளர்களுக்கும் ராணுவத்தினருக்கும் வட கரோலினா 2011-இல் தனிச் சட்டம் இயற்றியது. வாக்காளர்கள் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற 2018 சட்டம் பல வழக்குகளைத் தாண்டி 2023-இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வாக்களிப்போர் அடையாள அட்டையின் நகலை அனுப்பத் தேவையில்லை என்று தேர்தல் வாரியம் எழுத்தில் விதி வகுத்தது. மாநிலத்தின் விதிகள் மறுஆய்வு ஆணையம் அதற்கு ஒப்புதலும் அளித்தது. அவர்கள் வாக்களிக்கப் பயன்படுத்திய இணையதளத்தில் அடையாள அட்டையைப் பதிவேற்றும் வசதிகூடக் கிடையாது. ஏதோ ஒரு நாட்டு முகாமில் இருந்த சிப்பாய் அந்தத் தளத்துக்குள் நுழைந்தார், பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டார், வாக்கை அனுப்பினார். அரசு கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டார். கேட்காத ஒன்றைக் கொடுக்கவில்லை என்று பிறகு அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

கிரிஃபின் தரப்பு வாதத்தில் சாரமே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உள்ளூரில் இருந்து தபாலில் வாக்களிக்கும் முதியவர் அட்டையின் நகலை இணைக்க வேண்டியிருக்கும்போது வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டும் ஏன் விலக்கு என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சட்டமன்றத்தில் விவாதிக்கலாம், விதி வெளியான அன்றே வழக்கும் தொடுக்கலாம். இதே விதியின்கீழ் 2024 மார்ச்சில் முதற்கட்டத் தேர்தல் நடந்து முடிந்தது. அப்போது கேட்காத கேள்வியை, 734 வாக்கில் தோற்ற பிறகு கேட்பதுதான் பிரச்சினை. கிரிஃபின் தேசியக் காவல்படை அதிகாரி. இதற்கு முந்தைய தேர்தல்களில் அவரே ராணுவத்தினருக்கான தபால் வாக்குரிமையைப் பயன்படுத்தியவர். அடையாள அட்டை நிபந்தனை அப்போது அமலில் இல்லை என்பது உண்மை. ஆனால் தொலைவில் இருந்து வாக்களிப்பவர் அரசு சொல்லும் வழிமுறையை நம்பித்தான் நடக்க முடியும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

ஆட்சேபிக்கப்பட்ட வாக்காளர்களுக்குத் தகவல் சொன்ன விதத்தையும் பார்க்க வேண்டும். ஓர் அஞ்சல் அட்டை வந்தது. பெயருக்குப் பக்கத்தில் ‘அல்லது தற்போது இங்கு வசிப்பவர்’ என்று அச்சிட்டிருந்தது. உங்கள் வாக்கு பாதிக்கப்படக்கூடும், விவரம் அறிய இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பதுதான் சேதி. விளம்பரத் துண்டு என்று நினைத்து எத்தனை பேர் குப்பையில் போட்டிருப்பார்களோ! ஒரு குடிமகனின் வாக்கை ரத்து செய்யக் கோருபவர், அவர் பெயரைச் சொல்லி, காரணத்தை விளக்கி, பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டாமா? இது முறையான அறிவிப்பு ஆகாது என்பதும் தேர்தல் வாரியம் 2024 டிசம்பரில் ஆட்சேபங்களைத் தள்ளுபடி செய்ததற்கு ஒரு காரணம்.

அடுத்து நடந்தவை வேகமாகவும் நடந்தன, திசை மாறியும் நடந்தன. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வெற்றிச் சான்றிதழ் வழங்கத் தடை விதித்தது. பிப்ரவரியில் வேக் கவுண்டி நீதிமன்றம் தேர்தல் வாரியத்தின் முடிவு சரி என்றது. ஏப்ரல் 4 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கிரிஃபினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பாதியாகத் திருத்தியது: 60,000 வாக்குகள் செல்லும், ஆனால் வெளிநாட்டு, ராணுவ வாக்காளர்கள் 30 நாட்களுக்குள் அடையாள அட்டையைச் சமர்ப்பிக்க வேண்டும், தவறினால் அவர்களின் வாக்கு போகும். ரிக்ஸ் விலகிக்கொண்ட அந்த அமர்வில் எதிர்த்த இருவரில் ஒருவரான ரிச்சர்ட் டீட்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். தேர்தல் முடிந்தபின் விதிகளைக் கேள்விக்குள்ளாக்கும் வழக்குகளுக்கு இடம் கொடுத்தால் தேர்தலின் நம்பகத்தன்மையே கெடும் என்று அவர் ஜனவரியிலேயே எச்சரித்திருந்தார்.

ஆட்சேபிக்கப்பட்டவற்றில், பெற்றோர் முன்பு வட கரோலினாவில் வசித்திருந்தும் தாங்கள் அங்கு வசித்ததே இல்லாத சில நூறு பேரின் வாக்குகளும் இருந்தன. மாநில அரசியல் சாசனம் வாக்காளருக்கு வசிப்பிடத்தை வலியுறுத்துகிறது. 2011 சட்டமோ இந்தப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை தருகிறது. இரண்டில் எது நிற்கும் என்பது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விதான். இனி வரும் தேர்தல்களுக்குத் தீர்க்கட்டும். ஆனால் முடிந்துபோன தேர்தலில் அந்த வாக்குகளை, வாக்களித்தவர்களுக்குத் தங்கள் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பும் தராமல், நீக்கச் சொன்னது ஏப்ரல் தீர்ப்பு. அந்தப் பட்டியலும் சரியில்லை. வட கரோலினாவிலேயே பிறந்து வளர்ந்து, படிப்புக்காக ஐரோப்பா போன மாணவர் ஒருவர், படிவத்தில் தவறான கட்டத்தில் டிக் செய்துவிட்டதால் அதில் சேர்க்கப்பட்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இந்த வழக்கின் அநீதி முழுதாகத் தெரியும் இடம் வேறு. மாநிலத்தில் 100 கவுண்டிகள் உள்ளன. அடையாள அட்டை ஆட்சேபம் எழுந்ததோ டர்ஹாம், கில்ஃபோர்டு, பங்கம், ஃபோர்சைத் போன்ற, ஜனநாயகக் கட்சிக்குச் செல்வாக்குள்ள சில கவுண்டிகளில் மட்டும். ஒரே முகாமில் இருக்கும் இரண்டு சிப்பாய்களில் ஒருவர் டர்ஹாம்காரர் என்பதால் அட்டை அனுப்ப வேண்டும். மற்றவர் பக்கத்துக் கவுண்டிக்காரர் என்பதால் தேவையில்லை. மேலும், அதே வாக்குச்சீட்டில்தான் அதிபர், ஆளுநர் பதவிகளுக்கும் வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்குகளை யாரும் தொடவில்லை. டிரம்ப் அந்த மாநிலத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டபோது இந்தச் சீட்டுகளும் எண்ணப்பட்டவைதான். ஒரு சீட்டு ஒரு பதவிக்குச் செல்லும், இன்னொரு பதவிக்குச் செல்லாது என்பதை எந்தத் தர்க்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ் மே 5 அன்று இதைத்தான் தடுத்தார். டிரம்பால் நியமிக்கப்பட்ட அவர், ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றக் கூடாது என்றார். வாக்காளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் புதிய நிபந்தனையைப் பின்தேதியிட்டு விதிப்பது உரிய சட்ட நடைமுறைக்கும் சமத்துவத்துக்கும் எதிரானது என்று தீர்ப்பளித்து, ரிக்ஸுக்குச் சான்றிதழ் வழங்க உத்தரவிட்டார். இரண்டு நாட்களில் கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ரிக்ஸ் மே 13 அன்று பதவியேற்றார்.

இதை ஒரு கட்சியின் குணமாகப் பார்ப்பவர்கள் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வாக்குகள் தேர்தலுக்குப் பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தாலும் அங்கு எண்ணப்பட்டன. ராணுவ அஞ்சலில் பல உறைகளுக்கு அஞ்சல் முத்திரை விழுவதில்லை. அந்த உறைகளைத் தள்ளுபடி செய்யச் சொன்னது ஜனநாயகக் கட்சி. எப்படி ஆட்சேபிப்பது என்று அதன் வழக்கறிஞர் ஒருவர் குறிப்பே எழுதிக் கொடுத்தார். சிப்பாயின் வாக்கை ஒரு முத்திரைக்காகத் தூக்கி எறிவதா என்று பொங்கியது குடியரசுக் கட்சி. எதிர்ப்பு கிளம்பியதும் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஜோ லீபர்மன் தொலைக்காட்சியில் பின்வாங்கினார். இறுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளர் புஷ் அங்கு வென்றது 537 வாக்குகளில். தேர்தல் நாளுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட 2,490 வெளிநாட்டு வாக்குகளில் 680 விதிப்படி கேள்விக்குரியவை என்று நியூயார்க் டைம்ஸ் மறு ஆண்டு விசாரித்து எழுதியது. ஒரே குறையுள்ள உறை ஒரு கவுண்டியில் செல்லுபடியானது, இன்னொன்றில் குப்பைக்குப் போனது. இருபத்து நான்கு ஆண்டுகளில் இரு கட்சிகளும் இடம் மாறிக்கொண்டன. ஃபுளோரிடாவில் விதியைத் தளர்த்தினார்கள், வட கரோலினாவில் இறுக்கப் பார்த்தார்கள். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு விதியில் கை வைத்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது அந்நியமான கதையல்ல. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். தபால் வாக்குகளில் 203 தள்ளுபடியாகியிருந்தன. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி உண்டா என்பதுதான் தகராறு. சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணி முடித்தார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. யார் சான்றொப்பம் இடலாம் என்பதைத் தேர்தல் பணிக்குப் போகும் ஊழியரிடம் படிவம் கொடுக்கும்போதே ஒரு வரியில் சொல்லியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

வட கரோலினாவின் புதிய தேர்தல் வாரியம் 2025 ஜூலையில், விவரம் விடுபட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் பதிவுகளைச் சரிசெய்யத் தொடங்கியது. பலருக்குக் கடிதமும் எழுதியது. குறையைக் களைய அதுதான் முறை: தேர்தலுக்கு முன்பே, எல்லாக் கவுண்டிகளிலும், பெயர் சொல்லி எழுதி.

கூட்டாட்சிச் சட்டப்படி வெளிநாட்டு, ராணுவ வாக்காளர்களுக்கு வாக்குச்சீட்டு தேர்தலுக்கு 45 நாட்களுக்கு முன்பே அனுப்பப்பட வேண்டும். அந்த நாளைக் கெடுவாக வைத்து மாநிலங்கள் சட்டம் இயற்ற வேண்டும். வெளியாகி நடைமுறையில் உள்ள ஒரு தேர்தல் விதியை எதிர்க்க நினைப்பவர், சீட்டுகள் அனுப்பப்படும் முன்பே நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதன் பிறகு வரும் தீர்ப்பு அடுத்த தேர்தலுக்கு மட்டுமே பொருந்த வேண்டும். கள்ள வாக்கு, இரட்டை வாக்கு போன்ற மோசடிப் புகார்களுக்கு இந்தக் கெடு தடையாக இருக்கக் கூடாது. வட கரோலினா உச்ச நீதிமன்றத்தின் இன்னோர் இடத்துக்கு, நீதிபதி அனிடா ஏர்ல்ஸ் வகிக்கும் இடத்துக்கு, 2026 நவம்பரில் தேர்தல். முதல் சீட்டு தபாலில் சேரும் முன் அந்த மாநிலச் சட்டமன்றம் இந்தக் கெடுவைச் சட்டமாக்க வேண்டும்.