கொமியூனிகேஷன் கடையில் நிற்கும் பிள்ளைகள்



"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு போனைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?" என்று தோட்டக் கூட்டங்களில் கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஒரு தடவை டவுனில் கொமியூனிகேஷன் கடை வாசலில் போய் நிற்கட்டும்.

உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை அங்கே காத்து நிற்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பம் இணையத்தில்தான். இசட் புள்ளி மட்டும் போதாது. எந்தப் பாடநெறியை முதலில் போட்டோம் என்ற வரிசையும் இடத்தைத் தீர்மானிக்கிறது. அந்த வரிசையை அவசரமாகத் தட்டுவது கடைத் தம்பி. மின்னஞ்சல் அவர் திறந்தது, கடவுச்சொல்லும் அவரிடம். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் பிழைப்பு. தாய் கொழுந்து பறித்து 13 வருடம் படிக்கவைத்த பிள்ளையின் எதிர்காலம் ஏன் அவர் கையில் இருக்க வேண்டும்?

வளாகம் போனாலும் தொல்லை தீராது. டிக்டொக் தெரிந்த பிள்ளைக்கு ஒப்படையை வேர்டில் தட்டி, அட்டவணை போட்டு அனுப்பத் தெரியாது. கொழும்புப் பிள்ளை அதை வீட்டிலேயே பழகிவிட்டு வருகிறது. 2020இல் வளாக சூம் வகுப்புக்கு டேட்டா இலவசம் என்றார்கள். லயத்தில் சிக்னல் இல்லாதவனுக்கு இலவசம் எதற்கு?

கணினி கையளித்துப் படம் பிடிக்கும் அரசியல்வாதிகளை விடுங்கள். நமது சங்கம் என்ன செய்தது? மாதாமாதம் சந்தா வாங்குகிறோமே! தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தையும் மின்சாரத்தையும் துரையிடம் கேட்போம். ஐந்து கணினி, ஞாயிறுதோறும் இரண்டு மணித்தியாலம். விடுமுறையில் வரும் நமது வளாகப் பிள்ளைகள் கற்பிக்கட்டும், சும்மா அல்ல, கொடுப்பனவோடு. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீபாவளி முற்பணத்துக்கு முன்னால் இதைப் பேச வேண்டும்.