மண் நமது, எஃகு நமது, விண் யாருக்கு?

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களின் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துச் சுமார் 50 டன் மண்ணை இஸ்ரோ பெங்களூருக்குக் கொண்டு சென்றது. அந்த மண்ணில் சோதித்துப் பார்த்த பிறகே சந்திரயான் கலங்கள் புறப்பட்டன. 2023 ஆகஸ்ட் 23ந் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கி வெற்றி கண்டது.

2019 ஜூலை 22ந் தேதி சந்திரயான்-2ஐச் சுமந்து சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு வேண்டிய தனிரகத் துருப்பிடிக்காத எஃகு, சேலம் உருக்காலையில் உருவானது. அதே ஜூலையில்தான் அந்த ஆலையை விற்பதற்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டன! உருக்காலைத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள்.

இப்போது மனிதரையே விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டம். அதே இன ராக்கெட்தான் வீரர்களை 400 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டு செல்லும். 2018ல் இதற்கு ரூ. 9,023 கோடி. 2024ல், விண்வெளி நிலையத்தின் முதற்கட்டத்தையும் சேர்த்து, ரூ. 20,193 கோடி. அத்தனையும் மக்கள் பணம்.

அரை வயிற்றுக் கஞ்சிக்கு வழியில்லாதவனுக்கு விண்வெளி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நாம் அப்படிக் கேட்கவில்லை. 1961 ஏப்ரல் 12ந் தேதி முதன்முதலாக விண்வெளி சென்ற யூரி ககாரின், கூட்டுப்பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. வார்ப்படத் தொழில் கற்றவர். விஞ்ஞானம் பாட்டாளிக்கு விரோதியல்ல. அதன் பலன் யார் கைக்குப் போகிறது என்பதே நமது கேள்வி.

1984ல் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில், நட்பு நாட்டின் விருந்தினராகச் சென்றார். 2025ல் சுபான்ஷு சுக்லா சென்றதோ, அமெரிக்கத் தனியார் கம்பெனி நடத்திய பயணத்தில். நமது சர்க்கார் பணம் கட்டி வாங்கிய இடத்தில். காலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பாருங்கள்!

2023ம் ஆண்டு விண்வெளிக் கொள்கை சொல்வதென்ன? இஸ்ரோ ஆராய்ச்சியில் ஈடுபடட்டும். கைகூடிய தொழில்நுட்பம் கம்பெனிகளுக்குப் போகட்டும் என்கிறது. 2024ல் அன்னிய மூலதனத்துக்கும் கதவு திறந்தாயிற்று. சர்க்காரின் முன் அனுமதியின்றியே செயற்கைக்கோள் தயாரிப்பில் 74 சதம் வரை, ராக்கெட்டிலும் ஏவுதளத்திலும் 49 சதம் வரை அது நுழையலாம். செலவும் நஷ்டமும் மக்களுக்கு, லாபம் முதலாளிகளுக்கு என்பதே இதன் சாரம்.

ஆள் ஏறும் கலத்தில் ஒரு வால்வு பழுதானாலும் உயிர் போகும். உற்பத்தி கூட வேண்டுமென்று இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றச் சொல்லும் முதலாளியை மில் தொழிலாளி அறிவார். அந்த லாப வெறியிடம் விண்வெளி வீரர்களின் உயிரை ஒப்படைக்கலாமா?

சேலம் உருக்காலை பொதுத்துறையிலேயே நீடிக்க வேண்டும். மக்கள் பணத்தில் வளர்ந்த ககன்யான் தொழில்நுட்பம் மக்கள் சொத்தாகவே இருக்க வேண்டும். ராக்கெட்டுக்கும் அதன் எஃகுக்கும் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளை ஆலை வாயில்தோறும், கிராமந்தோறும் கொண்டு செல்லுமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மண்ணையும் எஃகையும் தந்த மக்களுக்கே விண்ணும் சொந்தம்.