கானருக்கு நேர்ந்த அநீதி

2012 அக்டோபர் இறுதியில் வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் 3’ வீடியோ கேம் விற்பனையில் சோடை போகவில்லை. சில மாதங்களிலேயே 1.2 கோடி பிரதிகள் விற்றதாக யூபிசாஃப்ட் நிறுவனம் அறிவித்தது. இருந்தும் அந்தத் தொடரை உயிராய் நேசிப்பவர்கள் பலருக்கு இன்றும் ஆறாத மனக்குறை அந்தப் பாகம்தான். முந்தைய பாகங்கள் சிலுவைப் போர்க் காலத்து டமாஸ்கஸையும் மறுமலர்ச்சிக் காலத்து ஃப்ளாரன்ஸையும் கண்முன் நிறுத்தியிருந்தன. மூன்றாம் பாகத்துக்கு வாய்த்த களம் அவற்றையும் விஞ்சியது. அமெரிக்கா பிறந்த கதையை, அந்த மண்ணைப் பறிகொடுத்த மக்களில் ஒருவனின் கண்வழியே சொல்லும் வாய்ப்பு அது.

அந்த ஒருவன் கானர். தாய் மோஹாக் இனத்தவள், தந்தை ஹேதம் ஆங்கிலேயர். கேமை உருவாக்கிய மாண்ட்ரியல் ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் அக்கரையில், கானவாக்கே என்ற மோஹாக் குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ளவர்களின் துணையோடுதான் கானரின் கிராமம் உருவானது. ஊர்க் காட்சிகளில் பாத்திரங்கள் மோஹாக் மொழியிலேயே பேசுகிறார்கள். சிறுவன் கானர் தோழர்களோடு காட்டில் கண்ணாமூச்சி ஆடும் பகுதியில், புதருக்குள் பதுங்கக் கற்றுக்கொள்வது அவன் மட்டுமல்ல, ஆடுபவரும்தான். இவ்வளவு அக்கறையோடு செதுக்கிய பாத்திரத்தை அதன்பின் என்ன செய்தார்கள் என்பதுதான் வேதனை.

முதலில், அவனைக் காக்க வைத்தார்கள். கதையின் தொடக்கப் பகுதிகள் முழுக்க அவன் தந்தையின் ஆட்சி. பிறகு கானரின் பிள்ளைப் பருவம், பயிற்சி. அவன் அசாசின் என்ற ரகசியக் குழுவின் அங்கி அணிந்து நிற்பதற்குள் கதை பாதியை நெருங்கிவிடுகிறது.

அடுத்து, அவனை வரலாற்றின் எடுபிடி ஆக்கினார்கள். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன. கேமில் அந்த இரவு, காவலர்களை வெட்டிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிப் போடும் வேலையாகச் சுருங்குகிறது. ஆங்கிலப் படை வருவதை எச்சரிக்கப் புறப்பட்ட பால் ரெவியரின் நள்ளிரவுச் சவாரி இன்னும் மோசம். ரெவியர் கானரின் குதிரையில் பின்னால் உட்கார்ந்துகொண்டு இடப்பக்கம், வலப்பக்கம் என்று வழி சொல்கிறார். ஆடுபவர் வீடு வீடாய்க் குதிரையைத் திருப்ப வேண்டியதுதான். உண்மையில் 1775 ஏப்ரலின் அந்த இரவில் ரெவியர் கான்கார்டு போய்ச் சேரவே இல்லை. வழியில் ஆங்கிலப் படையிடம் பிடிபட்டார். உடன் வந்த சாமுவேல் பிரெஸ்காட் தப்பிச் சென்று செய்தியைச் சேர்த்தார். பிடிபடலும் தப்பித்தலும் அதிரடி விளையாட்டுக்கென்றே அமைந்த சம்பவங்கள். அவற்றை விட்டுவிட்டு, பள்ளிப் பாடநூலில் பெயர் பெற்ற காட்சியை மட்டும் ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

பெரிய குறை அமெரிக்கப் படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் விஷயத்தில். மோஹாக் மக்களில் பெரும்பாலோர் அமெரிக்க விடுதலைப் போரில் ஜோசப் பிரான்ட் தலைமையில் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். குடியேறிகள் வென்றால் தங்கள் நிலம் போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அது வீண் அச்சமும் அல்ல. 1779இல் வாஷிங்டன் ஆணைப்படி புறப்பட்ட ஜெனரல் சலிவனின் படை, மோஹாக் மக்களும் இடம்பெற்ற இரோகுவா கூட்டமைப்பின் 40க்கும் மேற்பட்ட ஊர்களை எரித்து, விளைந்து நின்ற சோளத்தையும் பழ மரங்களையும் அழித்தது. இரோகுவா மக்கள் வாஷிங்டனை ‘ஊர்களை அழிப்பவர்’ என்றே அழைத்தார்கள்.

கேமுக்கு இது தெரியாமல் இல்லை. தன் ஊரைக் கொளுத்தியதற்குப் பின்னால் இருந்தவர் வாஷிங்டன் என்று கானர் அறியும் கட்டம் உண்டு. எரிப்பை 1760இல் வைத்திருக்கிறார்கள். அப்போது வாஷிங்டன் ராணுவத்தை விட்டு விலகி வர்ஜீனியாவில் பண்ணை பார்த்துக்கொண்டிருந்தார். கற்பனைக் கதையில் ஆண்டை மாற்றலாம், தவறில்லை. ஆனால் உண்மை தெரிந்த பின் கானர் என்ன செய்கிறான்? கோபித்துக்கொண்டு போகிறான், ஆங்கிலேயருக்காகப் போர்க்கோலம் பூண்ட சொந்த நண்பனையே கொல்ல நேர்கிறது, உடனே மான்மவுத் போர்க்களத்துக்குப் போய் வாஷிங்டனின் படைக்கே துணை நிற்கிறான். வாஷிங்டனை எதிர்க்கும் கதை 2013இல் வந்தது, மூன்று தவணைகளில், தனிக் காசுக்கு. அதிலும் அவர் மாயக் கனவில் முடிசூடிய அரசர்தான்.

வாஷிங்டன் படையின் தளபதிகளில் ஒருவரான சார்லஸ் லீயைக் கையாண்ட விதமும் அப்படியே. கேமில் அவர் சிறுவன் கானரின் கழுத்தை நெரிக்கும் வில்லன். வரலாற்றில் லீ மோஹாக் மக்களோடு வாழ்ந்தவர். அவர்களிடம் ‘கொதிக்கும் நீர்’ என்று பெயர் பெற்றவர். அதே கூட்டமைப்பைச் சேர்ந்த செனகா இனத் தலைவர் ஒருவரின் மகளை மணந்தவர். கானரின் தந்தையைப் போலவே இரண்டு உலகங்களுக்கு நடுவே நின்ற அந்த மனிதரை வெறும் கெட்டவனாகத் தட்டையாக்கியது பெரிய இழப்பு.

கதை முடிந்த பிறகு சில நிமிடங்கள் மட்டும் கேம் உண்மையைப் பேசுகிறது. கானர் ஊருக்குத் திரும்பினால் வீடுகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன, நிலம் கைமாறிவிட்டது. ஆங்கிலேயர் கப்பலேறும் நாளில், விடுதலையைக் கொண்டாடும் நியூயார்க் துறைமுகத்திலேயே கறுப்பின அடிமைகள் விற்கப்படுவதை அவன் பார்க்கிறான். கேம் முழுவதும் இருந்திருக்க வேண்டிய கோபம், கடைசியில் ஒட்டுப்போட்டதுபோல் வந்து போகிறது.

இந்தப் பாகத்தில் எல்லோரும் மெச்சிய கப்பல் சண்டையை எடுத்து வளர்த்து, மறு ஆண்டே ‘பிளாக் ஃப்ளாக்’ என்ற அருமையான பாகத்தைச் செய்தார்கள். நாயகனாகக் கானரின் தாத்தா வந்தார். இத்தாலிய நாயகன் எட்ஸியோவுக்கு மூன்று முழு கேம்கள் கிடைத்திருந்தன. கானருக்கு இரண்டாவது கிடைக்கவே இல்லை. 2019இல் மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோதும் ஒளியும் நிறமும் ஆட்ட முறையில் சில திருத்தங்களும்தான் கூடின, கதையில் கைவைக்கவில்லை. 1779இன் கோடையும், எரிந்த அந்த ஊர்களும் இன்னும் எந்தப் பெரிய கேமிலும் முழுமையாக வரவில்லை. யூபிசாஃப்ட் அதை எடுக்க வேண்டும், இம்முறை கானவாக்கே மக்களை ஆலோசகர்களாக மட்டும் அல்லாமல் கதை எழுதும் மேசையிலேயே உட்காரவைத்து.