ஆற்றுப்படுத்தும் துணை

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. பூச்சிக்கொல்லி, சாயம், மருந்துக்கான மூலப்பொருள் எனப் பலவகை வேதிப்பொருள்களை உருவாக்கும் ஆலைகள் அங்கு வரிசையாக நிற்கின்றன. ஒருபுறம் உப்பனாறு ஓடுகிறது. அதற்கு அப்பால் வங்கக்கடல் விரிகிறது. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்கள் ஆலைகளின் நிழலிலேயே வாழ்கின்றன. கடலின் சீற்றமும் வேதிப்பொருளின் சீற்றமும் ஒருங்கே அஞ்சத்தக்க நிலப்பகுதி இது.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கடலூர் மாவட்டக் கடற்கரையில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், தலைமுறைகளாக வளர்த்த பலா, முந்திரித் தோப்புகளை ஒரே நாளில் சாய்த்தது. 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ஊர்களை மூழ்கடித்தது. 2021 மே 13 அன்று தொழிற்பேட்டையின் ஆலையொன்றில் நேர்ந்த விபத்தில் தொழிலாளர் நால்வர் மாண்டனர். ஒவ்வொரு துயரத்தின் பின்பும் கூரை, படகு, பயிர் ஆகியவற்றின் இழப்பு கணக்கிடப்பட்டது, நிவாரணம் வழங்கப்பட்டது. மனத்தின் இழப்பைக் குறித்துக்கொள்ள மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இடம் இருப்பதில்லை.

மனக்காயத்தின் இயல்பு

உடற்காயம் கண்ணுக்குத் தெரியும். மனக்காயம் நடத்தையில் மட்டுமே வெளிப்படும். அலையில் உறவினரை இழந்தவர் கடலோசை கேட்கும் திண்ணையில் உறங்க மறுக்கிறார். விபத்தைக் கண்ட தொழிலாளிக்கு நள்ளிரவில் காற்றில் வரும் சிறு நெடியும் நெஞ்சைப் படபடக்கச் செய்கிறது. சங்கொலி கேட்டதும் சிறுமியின் கையிலிருக்கும் எழுதுகோல் நழுவுகிறது. நடந்து முடிந்ததை முடிந்ததாக ஏற்க உடல் மறுக்கும் நிலை இது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய இம்மனநெருக்கடியை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல்தான் தனி நோயாக வகைப்படுத்தியது. அதற்கு முன்னர் இத்துன்பம் கோழைத்தனம் என்றோ பேய்க்கோளாறு என்றோ ஒதுக்கப்பட்டது. இன்றும் பல வீடுகளில் அவ்வாறே ஒதுக்கப்படுகிறது.

அதிர்ச்சிக்கு உள்ளான அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. உற்றார் அருகிருக்க, உணவும் உறைவிடமும் உறுதியாக, வழக்கமான வேலை மீண்டும் தொடங்கப் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகின்றனர். சிலருக்கோ காலம் கடந்தும் காயம் ஆறுவதில்லை. ‘எல்லாம் நாளாக நாளாகச் சரியாகிவிடும்’ என்னும் ஆறுதல்மொழி, முன்னவர்க்குப் பொருந்தும். பின்னவரைத் தனிமையில் தள்ளிவிடும். அவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரின் துணை வேண்டும்.

வழிகாட்டுபவர் யார்?

இத்தகைய துணைவரைத் தமிழ் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று அழைக்கிறது. ஆறு என்பதற்கு வழி என்பது பொருள். வறுமையில் வாடும் கலைஞனை, அவ்வழியே முன்னர் நடந்து வளம் பெற்ற மற்றொரு கலைஞன் நெறிப்படுத்துவதே ஆற்றுப்படை இலக்கியம். எங்கே காடு, எங்கே நீர், யார் வரவேற்பர் என்பவற்றையெல்லாம் அவன் எடுத்துரைப்பான். ஆயினும் நடக்க வேண்டியவன் கேட்பவனே. மனக்காயத்திலிருந்து மீட்கும் பயிற்றுநரின் பணியும் இத்தகையதே. அவர் துயருற்றவரைத் தோளில் சுமப்பவர் அல்லர்; அடுத்த அடியை வைக்கத் துணைநிற்பவர்.

அப்பணி படிப்படியானது. முதலில், ‘இப்போது ஆபத்து இல்லை’ என்னும் பாதுகாப்புணர்வை ஏற்படுத்த வேண்டும். உறக்கம், உணவு, வேலை ஆகியவற்றின் ஒழுங்கை மீட்க வேண்டும். பின்னர், அஞ்சுவதைச் சிறு சிறு அளவில் எதிர்கொள்ளப் பழக்க வேண்டும். கடலைக் கண்டு நடுங்கும் மீனவர் முதல் வாரம் கரைவரை நடப்பார். அடுத்து வலை பழுதுபார்ப்போருடன் அமர்வார். பின்னர் கரையில் நிற்கும் படகில் ஏறுவார். அதன்பின் கழிமுகம் வரை செல்வார். ஒவ்வொரு படியையும் தேர்ந்தெடுப்பவர் அவரே. நடந்ததையெல்லாம் உடனே சொல்லுமாறு வற்புறுத்துவது உதவியாகாது. துயரம் நிகழ்ந்தவுடன் ஒரே அமர்வில் அனைத்தையும் பேசவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. கூர்ந்து நோக்குதல், செவிமடுத்தல், தேவையான உதவியுடன் இணைத்தல் ஆகிய மூன்றுமே முதலுதவிக்கு அடிப்படை என்று 2011இல் வெளிவந்த அதன் கையேடு கூறுகிறது.

இப்பணிக்கு உளமருத்துவர்கள் மட்டுமே போதமாட்டார்கள். போபால் நச்சுவாயுக் கொடுமை 1984இல் நிகழ்ந்தபின், பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆழிப்பேரலைக்குப் பின்பு பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம், உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உளசமூக ஆதரவுப் பயிற்சி வழங்கியது. ஜிம்பாப்வேயில் உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006இல் மூதாட்டியர் பதினால்வருக்குப் பயிற்சியளித்து, மருத்துவமனை வளாகத்து மர இருக்கைகளில் மக்களின் மனக்குறையைக் கேட்கச் செய்தார். இம்முறை மனச்சோர்வைக் குறைப்பதை 2016இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. பயிற்சியும் பரிவும் உள்ளூர்மொழியும் கூடுமிடத்தில் இப்பணி சிறக்கிறது.

மனவலிமை தனிச்சொத்தா?

மீண்டெழும் ஆற்றல் பிறவிக்குணம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தனர். வறுமையும் குடும்பக் குழப்பமும் சூழ வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமும் பரிவும் மிக்கவர்களாக உயர்ந்தனர். அவர்களிடம் காணப்பட்ட பொதுக்கூறுகளுள் முதன்மையானது, அக்கறையுள்ள ஒரு பெரியவருடனாவது அவர்கள் கொண்டிருந்த உறுதியான பிணைப்பு. ஆகவே, வலிமை என்பது உறவில் விளைவது.

வள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலின் அரசியலில் வைத்தார். ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்பதையும் அங்கேயே வைத்தார். துன்பத்தில் கலங்காமையும் தக்கார் துணையும் ஓரிடத்தில் அமைந்திருப்பது சிந்தனைக்குரியது.

இங்கே எழும் மறுப்பு ஒன்றை எளிதில் புறந்தள்ள இயலாது. ‘ஆலையின் குழாயில் கசிவு இருக்க, தொழிலாளிக்கு மனவலிமைப் பயிற்சி எதற்கு?’ என்பதே அம்மறுப்பு. இக்கேள்வி நியாயமானது. கசிவை அடைக்காமல் மனத்தைத் தேற்ற முற்படுவது, ஓட்டைப்படகில் இருப்பவனுக்கு நீச்சலின் பெருமையை உரைப்பது போன்றது. அச்சத்துக்குக் காரணம் இருக்கும்வரை அச்சம் நோயன்று; அது அறிவின் எச்சரிக்கை. எனவே, ஆற்றுப்படுத்துதல் பாதுகாப்புக்கு மாற்றாக ஒருபோதும் அமையலாகாது. ஆயினும், குழாய் சீரானபின்பும் நடுக்கம் தொடர்வோர் உள்ளனர். விபத்தில் கணவரை இழந்த பெண்ணுக்கு இழப்பீடு கிடைத்தபின்பும் இரவுகள் நீள்கின்றன. அவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

செய்ய வேண்டுவன

அபாயகரமான வேதிப்பொருள்களைக் கையாளும் ஆலைகள் அவசரகாலத் திட்டம் வகுத்து ஒத்திகை நடத்த வேண்டும் என 1989ஆம் ஆண்டின் விதிகள் வலியுறுத்துகின்றன. சங்கு ஒலிக்கிறது, தொழிலாளர் கூடுமிடம் நோக்கி ஓடுகின்றனர், தலைகள் எண்ணப்படுகின்றன. அந்த ஒத்திகையுடன் மனநல முதலுதவியும் சேர்க்கப்பட வேண்டும். விபத்தின் மறுநாள் யார் எவரைச் சென்று காண்பது, ஒரு மாதம் கழித்து யார் விசாரிப்பது என்பவை முன்னரே எழுதப்பட வேண்டும். நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டுமன்றி ஒப்பந்தத் தொழிலாளருக்கும், ஆலையைச் சூழ்ந்த ஊர்களுக்கும் இவ்வுதவி சென்றுசேர வேண்டும். ஊர்தோறும் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர் ஆகியோருக்குப் பயிற்சி அளிக்கலாம்; சிதம்பரத்தின் மருத்துவக் கல்லூரி அதற்குத் துணைநிற்கலாம்.

பயிற்றுநர் நிருவாகத்தின் காதாக இருத்தல் கூடாது. தொழிலாளி மனம்விட்டுக் கூறியது மேலாளரின் மேசையை அடையுமாயின், மறுமுறை எவரும் வாய் திறக்கமாட்டார். தம் திறனின் எல்லையை உணர்ந்து, தேவைப்படுவோரை மருத்துவரிடம் அனுப்புவதும் அவருடைய கடமை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆலை வாயிலில் தீயணைப்பு நிலைய எண்ணுக்கு அருகில் இவ்வெண்ணும் எழுதப்படுதல் நன்று.

ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்க் கடற்கரையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. அலையாத்திக் காடுகளுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன என்பதை அது காட்டியது. அக்காடு அலை வந்த நாளில் நடப்பட்டதன்று. வேரோடு வேர் பின்னி அது முன்னரே வளர்ந்திருந்தது. தனித்து நிற்கும் ஒரு மரம் அலையைத் தாங்குவதில்லை. உப்பனாற்றங்கரையின் ஊர்களிலும் ஆலைகளிலும் செவிமடுக்கும் மனிதர்கள் அவ்வாறே முன்கூட்டி வளர்க்கப்பட வேண்டும். அடுத்த சங்கு ஒலிப்பதற்கு முன்னரே அது நிகழ வேண்டும்.