பெருங்குடும்பத்தில் கிறிஸ்துமஸ் ஆயத்தம்

கிறிஸ்துமஸ் பண்டிகை அண்மையில் வருகின்றதென்னும் எண்ணம் சிறுவர்க்குக் களிப்பையும், அவர்களைப் பெற்றோர்க்குக் களிப்போடு கவலையையும் தருவதாகும். வீட்டில் பிள்ளைகள் ஓரிருவராயின் அக்கவலை சிறிது. ஐந்தாறு பேராயின், கார்த்திகை பிறக்குமுன்னரே தந்தை கணக்கிடத் தொடங்குகிறார். தாயோ கணக்கிடவும் பொழுதின்றி உழைக்கத் தொடங்குகிறார். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தாய் ஒருவர்க்குப் பிள்ளைகள் சராசரியாக இருவரினும் குறைவே. ஆயினும் அண்ணன் தம்பியர், அக்காள் தங்கையர் மக்கள் யாவரும் பண்டிகைக்குப் பாட்டனார் வீட்டில் கூடுங்கால், சிறு குடும்பங்கள் பல சேர்ந்து ஒரு பெருங்குடும்பமாகிவிடுகின்றன. ஆதலின் இப்பொருளைப்பற்றிச் சிறிது சிந்தித்தல் வீணாகாது.

திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் உள்ள நம் வீடுகளில் ஆயத்தமென்பது யாது? சுவர்களுக்கு வெள்ளையடித்தல், அனைவர்க்கும் துணியெடுத்துத் தையற்காரரிடம் கொடுத்தல், முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு முதலிய பலகாரங்களைச் சுட்டு டின்களில் நிரப்புதல், வாசலில் காகித நட்சத்திரம் தொங்கவிடுதல், கீதபவனியாய் வருவோர்க்குக் காணிக்கை எடுத்து வைத்தல் ஆகிய இவையே. இவற்றில் ஒன்றையும் நாம் குறைகூறுவதற்கில்லை. ஆனால் இவை யாவும் பெற்றோர் இருவர் தலைமேல் மாத்திரம் சுமக்கப்படவேண்டுமென்னும் வழக்கத்தையே நாம் மறுக்கிறோம். இவ்வழக்கத்தினின்று இரு தீங்குகள் பிறக்கின்றன.

முதலாவது தீங்கு கடன். பிள்ளைகளின் முகம் வாடலாகாதெனக் கருதி, மனைவியின் கழுத்துச் சங்கிலியை அடகுவைக்கும் தந்தையர் உளர். பண்டிகை ஒரு நாளில் முடிகிறது. வட்டியோ தை, மாசி, பங்குனியென மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கிறது. வரவு சிறிதாயினும், செலவு அதனை மிஞ்சாதவரையில் ஒருவனுக்குக் கேடில்லையென்பது வள்ளுவர் கருத்து. இதனைப் பள்ளியில் மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், தம் வீட்டின் வரவு யாதென்று அறியாமலே வளர்வது விந்தையன்றோ!

இரண்டாவது தீங்கு தாயின் களைப்பு. பல நாள் அடுப்பின்முன் நின்று, பண்டிகைக்கு முந்திய இரவில் பொத்தான் தைத்து, விடியற்காலை ஆராதனைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தாம் வீட்டிலேயே தங்கிவிடும் தாய்மார் எத்தனைபேர்! பிறப்பின் நற்செய்தியை வீட்டார் யாவரும் கேட்டு வருகின்றனர்; பிள்ளை பெற்ற வருத்தத்தை அறிந்த ஒருவர் மாத்திரம் அதனைக் கேளாதிருக்கின்றார். இதனை நாம் சிறு குறையென்று எண்ணலாகாது.

இவ்விரு தீங்கிற்கும் மருந்து ஒன்றே. ஆயத்தத்தைப் பிள்ளைகளோடு பங்கிட்டுக்கொள்ளுதல் வேண்டும். 1843ஆம் ஆண்டில் சார்லஸ் டிக்கன்ஸ் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையில் பாப் கிராட்சிட் என்னும் ஏழை எழுத்தர் ஒருவர் வருகிறார். வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங்; பிள்ளைகள் அறுவர். மனைவியார் அணிந்திருப்பது பழைய உடுப்பே. ஆயினும் அவ்வீட்டின் விருந்து அக்கதையைப் படித்தோர் உள்ளத்தைவிட்டு அகலுவதில்லை. காரணம் யாது? தாய் குழம்பைக் காய்ச்சுகிறார். ஒரு மகன் கிழங்கை மசிக்கிறான். ஒரு மகள் பழக்கூழுக்குச் சர்க்கரை சேர்க்கிறாள். மற்றொருத்தி தட்டுகளைத் துடைக்கிறாள். சிறியோர் இருவர் நாற்காலிகளை வரிசையாய் வைக்கின்றனர். கால் ஊனமுற்ற சிறுவன் தந்தையருகில் அமர்கிறான். விருந்து சிறிதெனினும், அதில் கையிடாதார் அங்கு அரியர். ஆதலின் அது சிறிதென்று சொல்வாரும் அங்கில்லை.

நம் வீடுகளில் இதனைச் செய்வது எங்ஙனம்? பண்டிகைக்கு முன் திருவருகைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் நான்கு உள. முதல் ஞாயிறன்று பிள்ளைகளை உட்காரவைத்து, இவ்வாண்டு செலவிடக்கூடிய தொகை இவ்வளவென்று தந்தையார் மறைக்காமல் கூறுக. கணக்கெழுதும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் ஒப்புவிக்க. இரண்டாம் வாரம் துணிக்கும், மூன்றாம் வாரம் வீட்டைத் துப்புரவு செய்தற்கும், நான்காம் வாரம் பலகாரத்திற்கும் ஆகுக. மாவு பிசைவதும் முறுக்குப் பிழிவதும் பெண்மக்களுக்கே உரியவென்று ஒதுக்காமல், ஆண்மக்களையும் அடுக்களைக்குள் அழைக்க. நட்சத்திரத்திற்குக் காகிதம் ஒட்டவும், அண்டை வீடுகளுக்குப் பலகாரத் தட்டுக் கொண்டுசெல்லவும் கடைக்குட்டிகள் போதும்.

துணி விஷயத்தில் மாத்திரம் பெற்றோர் மிகுந்த கவனமுடையராதல் வேண்டும். யாக்கோபு பன்னிரண்டு குமாரரைப் பெற்றும், ஒருவனுக்கு மட்டும் பலவருண அங்கி செய்வித்தார். அதனால் சகோதரருக்குள் பகை மூண்டு, யோசேப்பு அந்நியர்க்கு விற்கப்பட்டான். பெருங்குடும்பத்தில் பிள்ளைகளின் கண் விலையைப் பார்ப்பதில்லை, வேற்றுமையையே பார்க்கிறது. அக்காளுக்குப் புதியதும் தங்கைக்குப் பழையதுமாய்க் கொடுப்பதினும், ஒரே துணியில் அனைவர்க்கும் எளிய ஆடை தைப்பித்த நம் முன்னோர் வழக்கமே நன்று.

பிள்ளைகளுக்கு வறுமையைக் காட்டினால் அவர்கள் மனம் நொந்துபோமே எனச் சிலர் வினவலாம். உள்ளதை உள்ளபடி அறிந்த பிள்ளை நோவதில்லை. தனக்கு மாத்திரம் மறுக்கப்பட்டதென்று எண்ணும் பிள்ளையே நோகும். சிறுவர் கைபட்டால் வேலை கெடும், நேரம் வீணாகும் என்பாரும் உளர். மெய்யே, கோணலான முறுக்குகள் சில உண்டாகும். ஆனால் தான் பிழிந்த கோணல் முறுக்கைப் பிள்ளை மறப்பதில்லை.

மேலும், பொருளால் ஆகிய ஆயத்தம் நிலையற்றதென்பதை நாம் கண்ணாரக் கண்டுள்ளோம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில், பண்டிகைக்கு ஒரு வாரமே இருக்கையில், தென் ஜில்லாக்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, தாமிரபரணி கரைபுரண்டது. அரிசி நனையும், துணி சேறாகும், வெள்ளையடித்த சுவரும் கறைபடும். அத்தகைய வேளையில் ஒரு குடும்பத்தைத் தாங்குவது, சுமையைப் பங்கிட்டுப் பழகிய பழக்கமேயாம். பெத்லகேமில் மரியாளும் யோசேப்பும் தங்க இடமின்றி நின்றபோது அவர்களிடம் பிள்ளையைச் சுற்றத் துணி இருந்தது; கிடத்த முன்னணை கிடைத்தது. முதற் கிறிஸ்துமஸின் ஆயத்தம் அவ்வளவே.

விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவ நண்பர்காள்! உங்களுள் பலர் பல பிள்ளைகளுள்ள வீட்டின் மூத்தோர். விருந்தினர்போல் வாசலில் வந்திறங்காமல், வந்த அன்றே கணக்குப் புத்தகத்தையோ சுண்ணாம்பு மட்டையையோ கையில் எடுப்பீராக. பெற்றோரும் அதனைக் கொடுக்கத் தயங்காதிருப்பாராக. இவ்வாண்டுப் பண்டிகையன்று விடியற்கால ஆராதனையில் நம் தாய்மார் அனைவரும் களைப்பின்றி அமர்ந்திருப்பாராயின், அவ்வீடு தக்க ஆயத்தம் செய்துகொண்டதென்று நாம் துணிந்து கூறலாம்.