இல்லத்துப் பட்டறை: முதல் மில்லிங் யந்திரம் எது?

ஆதித்யபூரிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியுள்ள கடிதத்தை இம்மாதப் பகுதிக்கு எடுத்துக்கொள்கிறோம். அவருடைய குமாரர் ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் பயிற்சி முடித்தவர். ஒப்பந்த வேலையில் இரண்டாண்டுகள் அலைந்து சலித்தபின், வீட்டின் பின்கட்டிலேயே சிறு பட்டறை வைக்க விழைகிறார். லேத் ஒன்று முன்னமே இருக்கிறது. தந்தையார் ஓய்வு பெற்றபோது வந்த சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை மில்லிங் யந்திரத்துக்கு ஒதுக்கலாம். ஆனால் இளைய பெண்ணின் கல்யாணமும் அதே பணத்தைத்தான் நம்பியிருக்கிறது. பெரிய யந்திரமாக வாங்கிவிட வேண்டும் என்கிறாராம் பிள்ளை. சிறியதில் தொடங்கட்டும் என்கிறாராம் தந்தை. எது தக்கது என்று நம்மை வினவுகிறார்.

நாம் ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்பவர். பட்டறை நமக்கு மாலைப் பொழுதின் பழக்கமே. எனினும் இவ்விஷயத்தில் தெளிவாகக் கூறத்தக்கவை சில உண்டு.

துளையிடும் யந்திரத்திலேயே கட்டரை மாட்டிச் சமாளிக்கலாமே என்று அண்டை அயலார் யோசனை கூறுவர். அதைக் கேளாதிருப்பது நன்று. துளையிடும் யந்திரத்தின் பேரிங்குகள் மேலிருந்து கீழ்நோக்கி வரும் அழுத்தத்தைத் தாங்கவே அமைந்தவை. மில்லிங்கிலோ விசை பக்கவாட்டில் வரும். சக்கைத் தாங்கியிருக்கும் கூம்பு அந்த உதறலில் கழன்றுவிடும். சுழன்றுகொண்டே கழன்ற சக்கு எங்கே போய் மோதும் என்று எவராலும் சொல்ல இயலாது. மில்லிங் யந்திரத்தில் ஸ்பிண்டிலின் உச்சியிலிருந்து திருகுக் கம்பி ஒன்று உள்ளே இறங்கிக் கட்டர் பிடிப்பானை இழுத்துப் பிடித்திருக்கும். வேற்றுமை அங்கேதான்.

இனி, வகைகள். ஸ்பிண்டில் படுக்கையாக அமைந்த யந்திரம் தொழிற்சாலைக்கு ஏற்றது. பல் வெட்டுவதற்கும் பெருங்கனமான வெட்டுக்கும் அதற்கு நிகரில்லை. ஆனால் வீட்டுப் பட்டறைக்கு வரும் சில்லறை வேலைகளுக்கு நிமிர்ந்த ஸ்பிண்டிலே பொருந்தும். 1938-ல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்த அமைப்பு ஒன்று உலகெங்கும் பரவிற்று: தலை இருபுறமும் சாயும், முன்னும் பின்னும் நகரும், மேஜை ஏறி இறங்கும். நம் நாட்டில் எம்.1.டி.ஆர். என்ற பெயரில் விற்கப்படுவது இவ்வினமே. அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். அன்பரின் குமாரர் விரும்புவது இதைத்தான்.

மேஜைமேல் வைக்கும் சிறு யந்திரங்கள் மற்றோர் இனம். இவற்றில் ஒரு பேதத்தைக் கவனித்தே வாங்க வேண்டும். சிலவற்றில் தலையைத் தாங்கும் தூண் உருண்டையாக இருக்கும். வேலையின் நடுவே, குறுகிய கட்டரைக் கழற்றி நீண்ட துளை ஊசியை மாட்டுவதற்காகத் தலையை உயர்த்தினால், அது தூணைச் சுற்றிச் சிறிது திரும்பிவிடும். அத்துடன் எடுத்த அளவெல்லாம் பறிபோகும். மீண்டும் விளிம்பு தேடித் தொடங்க வேண்டும். ஒரு நாளில் பத்து முறை இது நேர்ந்தால் எவருக்கும் பொறுமை மிஞ்சாது. புறாவால் வடிவில் சீவிய சதுரத் தூண் உடையதில் தலை நேராகவே ஏறி இறங்கும். விலை சற்று அதிகமாயினும் அதுவே வாங்கத்தக்கது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. யந்திரம் கனமாக இருப்பதே நலம். கனமே அதிர்வை அடக்குகிறது. ஆனால் அதை எங்கே நிறுத்துவது? குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு நம் நாட்டுத் தரவிதி கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. ஒரு டன் யந்திரத்தின் அடிப்பாகமோ ஒரு சதுர மீட்டர் அளவும் இராது. ஆதலால் மாடியில் குடியிருப்பவர்கள் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதே. அன்பரின் பின்கட்டு தரையில் உள்ளதாகத் தெரிகிறது; கான்கிரீட் தரையாயின் கவலையில்லை. வாசற்படியின் அகலத்தை மட்டும் முன்னமே அளந்து பார்க்கட்டும்.

மின்சாரம் அடுத்த இடையூறு. பெரிய யந்திரங்களின் மோட்டார் மும்முனை மின்சாரம் கேட்கும், வீட்டிலோ ஒருமுனை. இதற்காகக் கலங்க வேண்டாம். வி.எஃப்.டி. எனப்படும் சிறு பெட்டி ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனையாக மாற்றித் தரும். வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அது தருவது 230 வோல்ட்டே. ஸ்டார் முறையில் 415 வோல்ட்டுக்குக் கட்டிய மோட்டாரை டெல்டா முறைக்கு மாற்றினால்தான் ஓடும். அதற்கு ஆறு கம்பிமுனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டே இதைச் செய்விக்க வேண்டும்.

பழைய யந்திரம் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். 1953-ல் பெங்களூரில் தோன்றிய எச்.எம்.டி.யின் மில்லிங் யந்திரங்கள் இன்றும் பல பட்டறைகளில் உழைக்கின்றன. ஆனால் அவை வீட்டுக்கு மிகப் பெரியவை. பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் பக்கத்து எம்.1.டி.ஆர்.கள் பழைய சரக்காகக் கிடைப்பதுண்டு. புதுப் பூச்சைக் கண்டு மயங்கலாகாது. மேஜையை நடுவில் வைத்துக் கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்து, திருகில் எவ்வளவு வெற்றாட்டம் உண்டென்று பார்க்க வேண்டும். பிறகு மேஜையைக் கடைக்கோடிக்குக் கொண்டுபோய் அவ்வாறே பார்க்க வேண்டும். நடுவில் தளர்ந்து, ஓரத்தில் இறுகினால் திருகு தேய்ந்துவிட்டது என்று பொருள். நட்டை மாற்றினாலும் இந்நோய் தீராது. ஸ்பிண்டிலின் உட்கூம்பில் டயல் கேஜை வைத்துக் கையால் சுழற்றினால் முள் ஓரிரு கோடுகளுக்கு மேல் அசையலாகாது, 0.01 மி.மீ. கோடுள்ள கேஜைச் சொல்கிறோம். அரைமணி நேரம் ஓடவிட்டுத் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் விலை பேச என்ன இருக்கிறது?

வெற்றாட்டம் சிறிதும் இல்லாத பழைய யந்திரம் கிடையாது. அதனால்தான் கட்டரின் பற்கள் வரும் திசைக்கு எதிராக வேலைப்பொருளைத் தள்ளி வெட்டப் பழகுகிறோம். உடன்திசையில் தள்ளினால் கட்டர் பொருளைத் தன்பால் இழுத்துக்கொண்டு முறியும்.

வேகத்தையும் விசாரிக்க வேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டர் 10 மி.மீ. ஆனால், மெல்லிரும்பில் நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று போதும், 50 மி.மீ. ஆனால் 160 சுற்றே. சிறு யந்திரங்கள் சிலவற்றில் இக்குறைந்த வேகத்தில் மோட்டாரின் வலு செத்துவிடும். பெல்ட் அல்லது கியர் மாற்றி வேகம் குறைப்பதில் இத்தொல்லை இல்லை.

பணம் முழுவதையும் யந்திரத்திலேயே போட்டுவிடுவதுதான் பலரும் இடறும் இடம். நல்ல வைஸ், கோலெட்டுகள், கட்டர்கள், பிடிக்கட்டைகள், டயல் கேஜ் இவற்றுக்கு யந்திர விலையில் பாதியேனும் ஒதுக்க வேண்டும் என்பது நம் கணக்கு. ஸ்பிண்டிலின் கூம்பு ஆர்.8-ஆ, ஐ.எஸ்.ஓ. 30-ஆ, 40-ஆ என்று கேட்டறிந்து, உள்ளூர்க் கடையில் எதற்குப் பிடிப்பான் கிடைக்கிறதோ அதையே கொள்க. கம்ப்யூட்டரில் இயங்கும் யந்திரம் இப்போதைக்கு வேண்டாம். எண் காட்டும் அளவுகோல் பொருத்தினால் போதும்.

வீட்டுப் பெண்டிருக்கும் இதில் சொல்ல உரிமை உண்டு. இரும்புச் சீவல் கூடத்துக்கு வந்து குழந்தையின் காலில் ஏறும். ஆகையால் பட்டறைச் செருப்பு பட்டறையிலேயே இருக்கட்டும். யந்திரம் ஓடுகையில் வேட்டி, தாவணி, தொங்கும் துண்டு, கையுறை எதுவும் அருகே வரலாகாது. கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடலாகாது.

அன்பரின் வழக்குக்கு வருவோம். குமாரர் பயிற்சி பெற்றவர். கூலி வேலை எடுத்துப் பிழைக்க எண்ணுகிறார். இந்நிலையில் மேஜைமேல் வைக்கும் யந்திரம் ஓராண்டில் போதாமற்போகும். பிள்ளையின் பக்கமே நியாயம் இருப்பதாக நாம் கருதுகிறோம். ஆனால் கல்யாணப் பணத்தில் கைவைக்க வேண்டாம். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை பிணையமின்றிக் கடன் கிடைக்கும். தவணை குமாரரின் பெயரிலேயே இருக்கட்டும். சேமநிதியிலிருந்து வைஸும் கட்டர்களும் மட்டும் வாங்கித் தரலாம். வங்கிக்குப் போகுமுன், ஆதித்யபூரில் மாதந்தோறும் வேலை தரக்கூடிய இரண்டு பட்டறைகளையேனும் குமாரர் நேரில் கண்டு பேசி வரவேண்டும். யந்திரம் பார்க்கப் போகும்போது இருவரும் சேர்ந்தே போகட்டும். கேஜைப் பிள்ளை பிடிக்க, விலையைத் தந்தையார் பேசலாம். கிரேன் கூலியும் வண்டி வாடகையும் யார் பொறுப்பு என்பதை முன்பணம் கொடுக்குமுன்னரே எழுதி வாங்கிக்கொள்க.

வைஸ் வாங்குவதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவோம்.